நாத்திகர் தர்க்கத்தைக் கடன் வாங்குகிறாரா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சபைக்குப் போகும் நண்பர் ஒருவர் சொல்கிறார்: "கடவுள் உண்டா இல்லையா என்று நீ வாதம் பண்ண வாய் திறக்கும்போதே தோற்றுவிட்டாய். தர்க்கம், அறிவியல், நல்லது கெட்டது எல்லாமே கிறிஸ்தவர்களின் கடவுள் இருந்தால்தான் நிற்கும். என் கடவுளிடம் கடன் வாங்கித்தான் நீ என்னோடு சண்டை போடுகிறாய்." இது வெறும் வாய்ஜாலமா, உள்ளே சரக்கு இருக்கிறதா? கடவுளை நம்பாதவருக்கு அறிவுக்கும் அறத்துக்கும் அடிப்படையே கிடையாதா?

சரக்கு இருக்கிறது. நண்பர் நினைக்கும் அளவுக்கு இல்லை. நானும் கிறிஸ்தவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போய்ச் சேரும் ஊர் எனக்கும் சொந்த ஊர்; போகிற வழியில்தான் எனக்குத் தகராறு.

இந்த வாதத்தை உங்கள் நண்பர் தானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டார். இதற்கு ஒரு பரம்பரை உண்டு. நெதர்லாந்தில் ஆபிரகாம் கைப்பர் என்றொரு கால்வினிய (கால்வினைப் பின்பற்றும் சீர்திருத்த சபை மரபு) இறையியலாளர் இருந்தார். 1880இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார், 1901 முதல் 1905 வரை அந்த நாட்டுக்குப் பிரதமராகவும் இருந்தார். நடுநிலையான அறிவு என்று ஒன்று கிடையாது, ஒவ்வொருவரும் தம் அடிப்படை நம்பிக்கையிலிருந்துதான் உலகத்தைப் படிக்கிறார்கள் என்பது அவருடைய அழுத்தம். அந்த நெதர்லாந்தில் 1895இல் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் கொர்னேலியஸ் வான் டில். பிரின்ஸ்டனில் படித்தார். பிரின்ஸ்டன் செமினரி (போதகர்களுக்கான இறையியல் கல்லூரி) பழைய விசுவாசத்தைத் தளர்த்தும் தாராளவாதத்தின் பக்கம் சாய்கிறது என்று 1929இல் அங்கே பேராசிரியராக இருந்த கிரெஷம் மேச்சன் பிரிந்துவந்து பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் செமினரியைத் தொடங்கியபோது, வான் டில் அங்கே சேர்ந்து 1972 வரை பாடம் நடத்தினார். கைப்பர் சொன்னதை எடுத்து விசுவாசத்தைக் காக்கும் ஆயுதமாக வடித்தவர் இவர்தான். இந்த முறையை 'முற்கோள் வழித் தற்காப்பு' என்று வைத்துக்கொள்வோம். முற்கோள் என்றால், எதையும் நிரூபிக்கத் தொடங்கும் முன்பே நாம் பிடித்துக்கொண்டிருக்கும் அடிப்படைக் கோட்பாடு.

அவருக்கு முந்தைய தற்காப்பு வேறு மாதிரி. உலகத்தில் ஒழுங்கு தெரிகிறது, காரணமில்லாமல் காரியமில்லை, இயேசுவின் கல்லறை காலியாக இருந்தது என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடியதிலிருந்து தொடங்கி, 'ஆகவே கடவுள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்' என்று முடிப்பார்கள். வான் டிலுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. அப்படிச் செய்தால் மனித புத்தி நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துவிடுகிறது, படைத்தவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார் என்றார். ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தைக் காட்டினார்: மனிதர்கள் தேவனை அறிந்தும் அந்த அறிவை அமுக்கி வைக்கிறார்கள் என்கிறது பவுலின் வாதம். அப்படியென்றால் நாத்திகருக்குக் குறைவது ஆதாரமே இல்லை, அவர் ஏற்கெனவே அறிந்ததை மறுக்கிறார் என்றாகிறது. ரயிலில் அப்பா மடியில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை அப்பாவின் கன்னத்தில் அறைந்ததைப் பார்த்ததாக வான் டில் சொல்வார். மடியில் தாங்கியிருப்பதால்தான் கை கன்னத்துக்கு எட்டுகிறது. உங்கள் நண்பரின் 'கடன்' பேச்சு இதே கருத்தின் இன்னொரு உருவம்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். நாத்திகருக்குக் கணக்குத் தெரியாது, அவர் பொய்யும் திருட்டுமாக வாழ்வார் என்று வான் டில் சொல்லவில்லை. கடவுள் எல்லாருக்கும் தரும் பொதுவான கிருபையால் அவர்களும் நன்றாகச் சிந்திக்கிறார்கள், நல்லது செய்கிறார்கள் என்றே எழுதினார். கணக்கு ஏன் செல்லுபடியாகிறது, நல்லது ஏன் நல்லது என்பதற்கு அவர்களுடைய உலகப்பார்வைக்குள் காரணம் கிடையாது என்பதுதான் குற்றச்சாட்டு. பலர் இந்த இடத்தைத் தவறவிட்டு, "எனக்குத் தெரிந்த நாத்திகர் தங்கமானவர்" என்று பதில் சொல்லிவிட்டு வென்றதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வாதம் மேடையில் எவ்வளவு வலுவாக வேலை செய்யும் என்பதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 1985 பிப்ரவரியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் நடந்த விவாதம். ஒரு பக்கம் வான் டிலின் மாணவர் கிரெக் பான்சன். இவர் சுயவஞ்சனை, அதாவது ஒருவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது எப்படிச் சாத்தியம் என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். தலைப்பு தற்செயலாக அமைந்ததில்லை. ரோமர் முதல் அதிகாரம் சொல்வது நடைமுறையில் சாத்தியம்தானா என்ற கேள்விதான் அதன் பின்னால் இருக்கிறது. எதிர்ப் பக்கம் கோர்டன் ஸ்டைன், நாத்திகம் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தையே தொகுத்தவர். வழக்கமான கடவுள் நிரூபணங்களுக்கெல்லாம் மறுப்பைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். பான்சன் அவற்றில் எதையும் தொடவில்லை. "நாம் இருவரும் இங்கே தர்க்கத்தை நம்பித்தான் பேசுகிறோம். உங்கள் பார்வையில் எல்லாமே பருப்பொருள்தான் என்றால், தர்க்க விதிகள் என்ன பொருளால் ஆனவை?" என்பதுதான் அவர் போட்ட கொக்கி.

குறுக்கு விசாரணையில் ஸ்டைன் மடக்கப் பார்த்தார். கடவுள் பருப்பொருள் இல்லை என்கிறீர்களே, அப்படிப்பட்ட வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். "தர்க்க விதிகள்" என்று பதில் வந்தது. அரங்கம் சிரித்தது. தர்க்க விதிகள் மனிதர்களுக்கு இடையிலான உடன்பாடு என்று ஸ்டைன் சொன்னது அவருக்கே வினையாக முடிந்தது. உடன்பாடு என்றால் அதை மாற்றிக்கொள்ளலாம், நானும் நீங்களும் வேறு வேறு உடன்பாடு வைத்துக்கொண்டால் விவாதமே நடக்காது. அன்றைக்கு ஸ்டைன் தயாரிப்பு இல்லாமல் மாட்டிக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டைன் தடுமாறினார் என்பது ஸ்டைனைப் பற்றிய செய்தி மட்டுமே. அந்த மேடையில் ஒரு பிளேட்டோனியவாதி இருந்திருந்தால், "தர்க்க உண்மைகள் காலம் இடம் இல்லாமல் தாமாகவே இருக்கின்றன, அவற்றுக்கு யாருடைய மனமும் வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவும் இருக்கலாம், பருப்பொருள்வாதியாக இல்லாமலும் இருக்கலாம். பான்சனின் கொக்கி அவரிடம் மாட்டாது. நாத்திகம் என்றாலே பருப்பொருள்வாதம் என்று நினைப்பது இந்த முறையைப் பின்பற்றுகிறவர்களிடம் அடிக்கடி காணும் அவசரம்.

அடுத்து, அறிவியலின் அடித்தளம். நேற்றுவரை நெருப்பு சுட்டது, நாளையும் சுடும் என்று ஏன் நம்புகிறோம்? இதுவரை அப்படித்தானே நடந்தது என்று சொன்னால், இனிமேலும் அப்படியே நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. நிரூபிக்க வேண்டியதையே எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறோம். 18ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி டேவிட் ஹியூம் போட்ட இந்த முடிச்சை இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விதத்தில் யாரும் அவிழ்க்கவில்லை. முற்கோள்வாதி இங்கே உள்ளே வருகிறார்: எனக்குப் பிரச்சினை இல்லை, உலகத்தைத் தாங்கி நடத்துகிறவர் விதைப்பும் அறுப்பும் சீதளமும் உஷ்ணமும் ஒழிவதில்லை என்று ஆதியாகமம் எட்டாம் அதிகாரத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தை நீங்கள் வாசித்து நம்புவதற்குள் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணில் பட்ட எழுத்து உண்மையில் அங்கே இருக்க வேண்டும். நேற்று அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் இன்றும் இருக்க வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தை நினைவில் வைத்திருந்தால்தான் முடிவு புரியும். புலன், நினைவு, உலகின் ஒழுங்கு எல்லாவற்றையும் முதலில் நம்பிவிட்டுத்தான் வேதாகமத்தைத் திறக்கிறோம். அப்புறம் அந்த நம்பிக்கைக்கே வேதாகமம்தான் ஆதாரம் என்றால் எப்படி? இதற்கு அவர்கள் தரும் பதில், அறியும் வரிசை வேறு, இருக்கும் வரிசை வேறு என்பது. நாம் கண்ணை முதலில் நம்பினாலும், கண்ணைப் படைத்தவர்தான் முதலில் இருக்கிறார். நியாயமான பதில்தான். ஆனால் இந்தப் பதிலைச் சொன்ன நிமிஷமே நாத்திகருக்கும் அதே சலுகையைக் கொடுத்தாக வேண்டும். புலன்களும் தர்க்கமும் நம்பத்தக்கவை என்று அவரும் விளக்கம் இல்லாமலே தொடங்கலாம், விளக்கம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். விளக்கம் கையில் இல்லாததால் அவருக்கு அறிவே இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது எல்லாரும் முதலில் எடுக்கும் ஆட்சேபம்: வேதாகமம் உண்மை என்று வேதாகமமே சொல்கிறது என்பது சுற்று வாதம்தானே? இதை வைத்து நண்பரை மடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அவருக்கு இது பழகிப்போன பந்து. எந்த நிரூபணத்தையும் பின்னோக்கித் துருவினால் மூன்றில் ஒன்று நடக்கும்: முடிவே இல்லாமல் போகும், சுற்றி வரும், அல்லது ஓர் இடத்தில் 'இதுதான், இதற்கு மேல் கேட்காதே' என்று நிற்கும். பழைய கிரேக்க ஐயுறவுவாதிகளே சொன்ன விஷயம் இது. புத்தி நம்பத்தக்கது என்பதைப் புத்தியைப் பயன்படுத்தாமல் நிரூபிக்க முடியுமா? முடியாது. அப்படியானால் நீயும் சுற்றில்தான் இருக்கிறாய் என்பார் முற்கோள்வாதி. கடவுள் தம்மிலும் பெரியவர் இல்லாததால் தம்மைக்கொண்டே ஆணையிட்டார் என்ற எபிரெயர் ஆறாம் அதிகாரத்தையும் எடுத்துப் போடுவார்.

இரண்டு சுற்றும் ஒன்றில்லை என்பதுதான் என் பதில். தர்க்கத்தை மறுக்கக்கூடத் தர்க்கம் வேண்டும். முரண்பாடு பொய் என்பதை யார் விட்டாலும் பேச்சே நின்றுபோகும். அதை நம்புவதைத் தவிர எவருக்கும் வழியில்லை, உங்கள் நண்பருக்கும்தான். அறுபத்தாறு ஆகமங்களும் தேவவசனம் என்பதை மறுப்பவரோ அந்த மறுப்பிலேயே தடுமாறி விழுவதில்லை. மறுத்துவிட்டு ஆயுள் முழுக்க ஒழுங்காகக் கணிதம் போடுகிறார். தவிர்க்கவே முடியாத தொடக்கத்தையும் தவிர்க்கக்கூடிய தொடக்கத்தையும் ஒரே தட்டில் வைப்பதற்கு நண்பர் தனியாக ஒரு காரணம் காட்டியாக வேண்டும்.

அந்தக் காரணமாக வான் டில் முன்வைத்ததுதான் இந்த முறையின் இதயம். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1781இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் ஒருவகை வாதத்தைக் கையாண்டார்: அனுபவம் நமக்கு இருக்கிறது, அனுபவம் சாத்தியமாக வேண்டுமானால் இன்னின்னது இருந்தே ஆக வேண்டும், ஆகவே அது இருக்கிறது. வான் டில் அந்த அச்சில் கிறிஸ்தவத் திரியேக தேவனை, அதாவது மூவராக இருக்கும் ஒரே கடவுளை, வைத்தார். அவர் இல்லாவிட்டால் எதையும் அர்த்தத்தோடு பேச முடியாது, பேசுகிறோம், ஆகவே அவர் இருக்கிறார்.

இந்த வகை வாதத்தின் மீது 1960களில் இரண்டு பலமான அடிகள் விழுந்தன, இரண்டும் நம் விஷயத்துக்காக விழுந்தவை அல்ல, காண்ட்டுக்காக விழுந்தவை. 1968இல் தத்துவவாதி பேரி ஸ்ட்ரவுட் சொன்னது: இப்படிப்பட்ட வாதம் அதிகபட்சமாக, நாம் இன்னதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று காட்டும், அது உண்மை என்று காட்டுவதற்கு இன்னொரு படி வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு தத்துவவாதி ஸ்டெபான் கோர்னர் சொன்னது: உன் சட்டகம் வேலை செய்கிறது என்பது ஒன்று, அது ஒன்றுதான் வேலை செய்யும் என்பது வேறு. இரண்டாவதைக் காட்ட மற்ற எல்லாச் சட்டகங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோர்னரின் அடிதான் உங்கள் நண்பருக்கு ஆபத்தானது. ஒரு நாத்திகரை வீழ்த்தினால் கிறிஸ்தவம் ஜெயித்ததாகாது. வரிசையில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு முஸ்லிம் அதே வாதத்தை அல்லாஹ்வையும் குர்ஆனையும் வைத்து வரி வரியாகச் சொல்லலாம். வான் டிலிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது, அது சாதாரணமானதும் இல்லை. உலகத்தில் பன்மையும் இருக்கிறது, ஒருமையும் இருக்கிறது. பல பசுக்கள், ஆனால் எல்லாம் 'பசு'. இந்த ஒன்றும் பலவும் எப்படிச் சேர்கின்றன என்பது தத்துவத்தின் பழைய தலைவலி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேகத்தில் ஒருமையும் பன்மையும் சம அளவில் ஆதியிலேயே இருப்பதால், அந்தக் கடவுளால்தான் இப்படிப்பட்ட உலகம் விளங்கும், வெறும் ஏகத்துவக் கடவுளால் விளங்காது என்றார்.

தமிழ் வாசகருக்கு உடனே ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். ஸ்ரீரங்கத்தில் இருந்த ராமானுஜர் இதே ஒன்று-பல சிக்கலைத்தான் எடுத்து, உயிர்களும் சடமும் பிரம்மத்துக்கு உடல், அவை உண்மையாகவே பல, ஆனாலும் பிரம்மம் ஒன்று என்று விசிஷ்டாத்வைதமாகத் தீர்த்தார். அறிவின் அடித்தளம் என்று வந்தால், வேதத்தை விளக்கும் மீமாம்சைத் தத்துவத்தின் குமாரில பட்டர் இருக்கிறார். எந்த அறிவும் தவறென்று தெரியும்வரை தானாகவே செல்லும், வேதம் யாராலும் இயற்றப்படாதது என்பதால் அதில் பிழைக்கு இடமே இல்லை என்றார். கடவுளே தேவைப்படாத, ஆனால் வேதத்தை உச்சிமேல் வைத்த முற்கோள்வாதம் அது. நான் வாசித்தவரை, அமெரிக்க முற்கோள்வாத நூல்கள் இவர்களோடு மல்லுக்கட்டியதில்லை. இந்து மதம் என்று ஒரு பத்தி எழுதி, 'எல்லாம் மாயை என்பவர்கள்' என்று தாண்டிவிடுகிறார்கள். உலகில் மொத்தமே கிறிஸ்தவம், கிறிஸ்தவம் அல்லாதது என்று இரண்டு பார்வைகள்தான் என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. ஆனால் 'அல்லாதது' என்ற ஒரே மூட்டைக்குள் ஸ்டைனையும் ராமானுஜரையும் போட்டுக் கட்டிவிட்டு, ஸ்டைனை அடித்த அடி ராமானுஜருக்கும் விழுந்தது என்று சொல்ல முடியாது.

வான் டிலின் முகாமுக்குள்ளேயே இதில் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. கோர்டன் கிளார்க் என்ற இன்னொரு முற்கோள்வாதி, வேதாகமத்தை வடிவியலின் அடிகோள் மாதிரி நிரூபணமின்றி வைத்துக்கொண்டு அதிலிருந்து தருவிக்கலாம் என்றார். 1940களில் இருவரின் ஆட்களும் ஒரே சபைக்குள் மோதிக்கொண்டார்கள். வான் டிலிடம் படித்த ஜான் பிரேம், இந்தப் பெரிய வாதம் தனியாக நிற்காது, பழைய பாணி வாதங்கள் பலவற்றின் துணை அதற்கு வேண்டியிருக்கும் என்ற இடத்துக்கு வந்தார். எனக்கு நேர்மையாகப் படுவது பிரேமின் நிலைதான்.

சரி, அறத்துக்கு வருவோம். இதில் நண்பரின் கை ஓங்கியிருப்பதாகத் தோன்றும். இர்வைன் விவாதத்திலும் ஸ்டைன் அறத்தைச் சமூகத்தின் ஒருமித்த கருத்தில் வைத்தார். அப்படியானால் ஹிட்லரின் ஜெர்மனியை எந்த நிலத்தில் நின்று தப்பென்பீர்கள் என்ற கேள்வி வராமல் இருக்குமா? ஒருமித்த கருத்து அறத்துக்குப் போதாது என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் நாத்திகரிடம் இருக்கும் ஒரே சரக்கு அது இல்லை. தத்துவவாதி பிலிப்பா பூட் நாத்திகர். மனித உயிர் தன் இயல்புப்படி செழிப்பதில் நன்மையின் வேரைத் தேடினார். இன்னொரு நாத்திகத் தத்துவவாதி எரிக் வீலன்பெர்க், சில அற உண்மைகள் வேறெதன்மேலும் நிற்காமல் அடிப்படையாகவே இருக்கின்றன என்கிறார். 'அதெப்படி, காரணமே இல்லாமல் இருக்குமா?' என்று நண்பர் பாய்வார். கடவுளின் சுபாவம் ஏன் நல்லது என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்.

கடவுள் கட்டளையிட்டதால் நன்மை நன்மையாகிறதா, நன்மையாக இருப்பதால் கட்டளையிடுகிறாரா என்று பிளேட்டோவின் சாக்ரடீஸ் கேட்ட பழைய கேள்வி இது. முதலாவதென்றால் அவர் கொடுமையைக் கட்டளையிட்டாலும் அது நன்மையாகிவிடும். இரண்டாவதென்றால் நன்மை அவருக்கு வெளியே நிற்கிறது. கிறிஸ்தவர்களின் வழக்கமான பதில், நன்மை என்பது அவருடைய சுபாவமே என்பது. நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சுபாவத்துக்குப் பின்னால் இன்னொரு விளக்கம் கிடையாது, அங்கே நின்றுவிடுகிறோம். வீலன்பெர்க் ஒரு படி முன்னால் நிற்கிறார், நாம் ஒரு படி தள்ளி நிற்கிறோம். எங்கே நிற்பது பொருத்தம் என்று வாதாடலாம். நிற்பதே குற்றம் என்று அவரை மட்டும் பிடிக்க முடியாது.

எதிர்ப் பக்கத்திலிருந்தே ஓர் ஒப்புதலும் உண்டு. தத்துவவாதி ஜே. எல். மேக்கி தீவிர நாத்திகர், புறநிலையான அறம் என்று எதுவும் கிடையாது என்று 1977இல் எழுதியவர். அப்படிப்பட்ட அறம் இருக்குமானால், கடவுள் இருப்பதற்கான வாய்ப்பு அதனால் கூடும் என்று பிறகு ஒத்துக்கொண்டார். எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் கவனியுங்கள், 'வாய்ப்பு கூடும்' என்ற பேச்சு வான் டில் கதவைச் சாத்திய அந்தப் பழைய முறையின் பேச்சு. அறத்திலிருந்து கடவுளுக்குப் போகும் பாதை அந்தப் பழைய ரோட்டில்தான் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று, அடித்தளம் கையில் இருப்பதும் அதன்மேல் என்ன கட்டுகிறோம் என்பதும் வேறு வேறு. பான்சன் பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) சிவில் சட்டங்கள் இன்றைய அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று 1977இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அதே வெஸ்ட்மின்ஸ்டர் வட்டத்து மெரிடித் கிளைன் அதைக் கடுமையாக மறுத்தார். முற்கோள் ஒன்று, வேதாகமம் ஒன்று, கிடைத்த சட்டம் இரண்டு. இதைவிட வலிக்கிற உதாரணம் தென்னாப்பிரிக்கா. அங்கே டச்சு சீர்திருத்த சபை நிறவெறி ஆட்சிக்கு இறையியல் நியாயம் கொடுத்தது, அதற்குக் கைப்பரின் கருத்துகளையும் துணைக்கு இழுத்தார்கள். அது சுவிசேஷத்துக்கு விரோதமான கள்ளப்போதனை என்று 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு அறிவித்தது. அந்தப் போராட்டத்தின் முன்னால் நின்ற ஆலன் பூசாக்கும் சீர்திருத்த சபைப் போதகர்தான். எது சரியான வாசிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவமானப்படுத்தப்பட்ட மனிதரின் முகத்தைப் பார்த்து 'இது அநியாயம்' என்று உணரும் சக்தி, வசனத்தை எப்படி வாசிப்பது என்பதையே அங்கே திருத்தியது. அந்தச் சக்தி விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் பொதுவானது. ரோமர் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே அதைச் சொல்கிறார், நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்திலும் அதன் கிரியை எழுதியிருக்கிறது என்று.

நண்பரோடு மறுபடி பேசும்போது, "எனக்கு எல்லாவற்றுக்கும் அடித்தளம் தெரியும்" என்று மார்தட்டாதீர்கள். ஹியூமின் முடிச்சு உங்களிடமும் அவிழாமல்தான் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. உங்கள் மனசுக்குள் கடவுளை அறிந்தே மறுக்கிறீர்கள் என்று அவர் சொன்னால் கோபப்படவும் வேண்டாம். அது அவருடைய வேதத்திலிருந்து வரும் கூற்று, உங்களிடம் வாதமாக வைக்கத்தக்க ஒன்று இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, 'கிறிஸ்தவக் கடவுள் இல்லாவிட்டால் தர்க்கம் சாத்தியமில்லை' என்ற வரிக்குக் கீழே அதற்கான படிகளை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பார்வையின் ஓட்டைகளைப் பட்டியலிடுவது அந்தப் படிகளில் சேராது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர் எழுதி வருவது திரியேகத்தையும் ஒன்று-பல சிக்கலையும் பற்றியதாக இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள், அது உண்மையிலேயே சுவாரசியமான பேச்சு. பக்கத்தில் ராமானுஜரையும் வைத்துக்கொள்ளுங்கள்.